வராத ஓட்டும் எதிர் ஓட்டும்



சங்கத் தேர்தல் என்றால் நம் ஊர்களில் எப்படி நடக்கும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. காலை பத்து மணிக்குப் பொதுக்குழு என்று அழைப்பிதழ் அச்சடிப்போம். பத்தே முக்காலுக்கு நாற்காலி போடுகிறவரும் செயலாளரும் மட்டும் இருப்பார்கள். கோரம் இல்லை என்று கூட்டத்தை அரை மணி நேரம் ஒத்திவைத்து, அதே கூட்டத்தை அதே ஆட்களோடு மறுபடி தொடங்குவோம். தலைவர் பெயரை ஒருவர் முன்மொழிவார், ஒருவர் வழிமொழிவார், கைதட்டல் கேட்கும். மறுநாள் நோட்டீசில் "போட்டியின்றி ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டனர்" என்று கொட்டை எழுத்தில் வரும். டீயும் வடையும் சாப்பிட்டுவிட்டு எல்லோரும் கடைக்குத் திரும்பிவிடுவோம்.

நாமும் அப்படிப் போட்டியின்றித் தேர்ந்தெடுக்கப்பட்டவர்தாம். மூன்று முறை நிர்வாகக் குழுவில் இருந்தோம். அதைப் பெருமையாகவே நினைத்திருந்தோம். அந்தப் பெருமைக்கு ஒரு பொங்கல் சமயத்தில் விலை கொடுக்க வேண்டி வந்தது. அதைக் கடைசியில் சொல்கிறோம். அதற்கு முன், நம் பேரன் மூலமாக நமக்குத் தெரியவந்த வேறு ஒரு தேர்தலைப் பற்றிச் சொல்ல வேண்டியுள்ளது.

பேரன் போட்ட ஓட்டு

பேரன் கல்லூரியில் படிக்கிறான். விடுமுறைக்கு வந்திருந்தவன், கடை அடைத்த பிறகு இரவு வெகுநேரம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தான். "என்னய்யா, இன்னும் தூங்கலையா?" என்று கேட்டோம். "ஓட்டுப் போட்டுக்கிட்டிருக்கேன் தாத்தா" என்றான். நமக்குத் தூக்கிவாரிப்போட்டது. எந்தத் தேர்தல், எந்தத் தொகுதி என்று விசாரித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. அவன் விக்கிப்பீடியாவில் தமிழிலும் ஆங்கிலத்திலும் கட்டுரை எழுதுகிறவனாம். ஆங்கில விக்கிப்பீடியாவின் நடுவர் குழுத் தேர்தலுக்கு ஓட்டுப் போட்டுக்கொண்டிருந்தான்.

விக்கிப்பீடியா என்பது யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்ற ஏற்பாட்டில் நடக்கும் கலைக்களஞ்சியம். ஜிம்மி வேல்ஸ், லாரி சாங்கர் என்ற இரு அமெரிக்கர்கள் 2001 ஜனவரி 15 அன்று ஆங்கிலத்தில் தொடங்கினார்கள். தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தொடங்கியது. இன்று ஆங்கிலத்தில் ஏறத்தாழ 70 லட்சம் கட்டுரைகளும், தமிழில் ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட கட்டுரைகளும் உள்ளன. எழுதுகிறவர்களுக்குச் சம்பளம் கிடையாது.

சம்பளம் இல்லாத இடத்தில் சண்டை இருக்காது என்று நினைத்துவிட வேண்டாம். ஒருவர் எழுதியதை இன்னொருவர் அழிப்பார். அழித்ததை முதலாமவர் மறுபடி எழுதுவார். வாய்ச்சண்டை முற்றும். ஆரம்பத்தில் இப்படிப்பட்ட வழக்குகளை ஜிம்மி வேல்ஸே கேட்டுத் தீர்த்துவைத்தார். சிறிய கடையில் முதலாளி ஒருவரே கல்லாவையும் பார்த்து, கொள்முதலையும் பார்த்து, வேலையாள் சண்டையையும் தீர்ப்பது போலத்தான். கடை பெரிதானதும் அது முடியாமல் போயிற்று. 2003ஆம் ஆண்டு இறுதியில் நடுவர் குழு ஒன்றை அவர் அறிவித்தார். 2004இன் தொடக்கத்திலிருந்து அது வேலை செய்கிறது. முதல் உறுப்பினர்களை அவரே நியமித்தார். பிறகு ஆண்டுதோறும் தேர்தல் என்று ஆயிற்று.

இந்தக் குழு ஒரு கட்டுரையில் எழுதியிருப்பது சரியா தவறா என்று தீர்ப்புச் சொல்வதில்லை. எழுதுகிறவர்களின் நடத்தையைத்தான் விசாரிக்கும். ஒருவரை எழுதவிடாமல் தடுத்து வைக்கும் அதிகாரம் அதற்கு உண்டு. நம் மார்க்கெட்டில் எடை குறைத்தவனைச் சங்கத்தில் கூப்பிட்டு விசாரிப்பதைப் போன்றது என்று வைத்துக்கொள்ளுங்கள். அவ்வளவு அதிகாரம் உள்ள குழுவுக்கு ஆள் எடுப்பதில் அவர்கள் காட்டும் கவனம்தான் நம்மை யோசிக்க வைத்தது.

மூன்று கட்டங்கள்

நாம் ஓட்டுப் போடுகிற முறை ஒன்றுதான். நமக்குப் பிடித்தவர் பெயருக்கு நேரே முத்திரை குத்துவோம். மற்றவர்களைப் பற்றி நம் கருத்து என்ன என்று யாரும் கேட்பதில்லை. அங்கே அப்படியில்லை. நிற்கிற ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே மூன்று கட்டங்கள் உண்டு. ஆதரவு, எதிர்ப்பு, கருத்து இல்லை. பன்னிரண்டு பேர் நின்றால் பன்னிரண்டு பேரைப் பற்றியும் தனித்தனியாகச் சொல்லலாம். ஒருவரைப் பற்றி ஒன்றும் தெரியாது என்றால் "கருத்து இல்லை" என்று விட்டுவிடலாம்.

கணக்குப் போடும்போது, கருத்து இல்லை என்ற ஓட்டுகளைத் தள்ளிவிடுவார்கள். ஆதரவையும் எதிர்ப்பையும் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகையில் ஆதரவு எத்தனை சதவீதம் என்று பார்ப்பார்கள். யாருக்குச் சதவீதம் அதிகமோ அவரே முதலிடம்.

நம் பழக்கத்துக்கு ஒரு கணக்குச் சொல்கிறோம். இது நாமாகப் போட்ட கணக்கு. ஆயிரம் பேர் ஓட்டுப் போட்டார்கள். முதலாமவருக்கு ஆதரவு 400, எதிர்ப்பு 100, மீதி 500 பேர் கருத்து இல்லை என்றார்கள். இரண்டாமவருக்கு ஆதரவு 600, எதிர்ப்பு 300, மீதி 100 பேர் கருத்து இல்லை. நம் வழக்கப்படி 600 வாங்கியவர்தான் ஜெயித்தவர். அவர்கள் கணக்கில் முதலாமவருக்கு 80 சதவீதம், இரண்டாமவருக்கு 67 சதவீதம். எனவே 400 வாங்கியவர் முன்னே போகிறார்.

இது என்ன நியாயம் என்று நமக்கும் முதலில் தோன்றியது. யோசித்துப் பார்த்தால் இதில் ஒரு வியாபார நியாயம் இருக்கிறது. ஒரு பருப்பு ரகத்தை 600 பேர் வாங்கிக்கொண்டு போய், 300 பேர் "அண்ணாச்சி, இது வேகவே மாட்டேங்குது" என்று திருப்பிக் கொண்டுவந்தால், அந்தச் சரக்கை நாம் நல்ல சரக்கு என்போமா? 400 பேர் வாங்கி 100 பேர் மட்டும் குறை சொன்ன ரகம்தான் மேல். விற்றதை மட்டும் எழுதி, திரும்பி வந்ததை எழுதாத சிட்டை எந்தக் கணக்குப் பிள்ளைக்கும் ஒத்துவராது.

இன்னொரு விதியும் உண்டு. பாதிக்கும் குறைவான ஆதரவு பெற்றவர், இடம் காலியாகவே கிடந்தாலும் உள்ளே வர முடியாது. அண்மை ஆண்டுகளில் இரண்டு வருடப் பதவிக்கு 60 சதவீதம் வேண்டும் என்றும், 50க்கும் 60க்கும் இடையில் பெற்றவருக்கு ஒரு வருடப் பதவிதான் என்றும் வைத்திருக்கிறார்கள். நாற்காலி காலியாக இருக்கிறதே என்பதற்காக யாரையாவது பிடித்து உட்கார வைக்கும் நம் வழக்கம் அங்கே செல்லாது.

அதிக ஆதரவு பெற்றும் தோற்றவர்

விக்கிப்பீடியாவையும் அதைச் சேர்ந்த மற்றத் திட்டங்களையும் தாங்கி நடத்துவது விக்கிமீடியா அறக்கட்டளை என்ற நிறுவனம். அதன் அறங்காவலர் குழுவில் சில இடங்களுக்கு, எழுதுகிற உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டு ஆள் அனுப்புகிறார்கள். 2015இல் நடந்த தேர்தலில் மூன்று இடங்களுக்கு ஏறத்தாழ இருபது பேர் நின்றார்கள். 5,000 பேருக்கு மேல் ஓட்டுப் போட்டார்கள். மேலே சொன்ன ஆதரவு, எதிர்ப்புக் கணக்குத்தான் அங்கேயும்.

அந்தத் தேர்தலில் ஸ்பெயின் நாட்டைச் சேர்ந்த மரியா செஃபிதாரி என்ற அம்மையார் மற்ற எல்லோரையும் விட அதிக ஆதரவு ஓட்டுகள் வாங்கினார். ஆனால் எதிர்ப்பும் அவருக்கு அதிகமாக விழுந்தது. சதவீதத்தில் நான்காம் இடத்துக்குப் போய், தோற்றார். போலந்து நாட்டுப் பேராசிரியர் டாரியுஸ் யெமியெல்னியாக், கனடா நாட்டு மருத்துவர் ஜேம்ஸ் ஹெயில்மன், டென்னி விராண்டெசிச் ஆகிய மூவரும் தேர்வானார்கள். அப்போது பதவியில் இருந்துகொண்டே மறுபடி நின்ற மூவரும் தோற்றார்கள். மரியா அவர்களுள் ஒருவர்.

பதவியில் இருப்பவருக்கு எதிர்ப்பு அதிகம் விழுவதில் வியப்பில்லை. நாலு பேருக்குத் தெரிந்த கடைக்குத்தான் நாலு பேர் குறை சொல்வார்கள். புதிதாக நிற்கிறவரைப் பற்றித் தெரியாதவர்கள் கருத்து இல்லை என்று விட்டுவிடுவார்கள். அது கணக்கில் சேராது. எனவே இந்த முறை, வேலை செய்து பெயர் தெரிந்தவருக்குப் பாதகமாகவும், முகம் தெரியாதவருக்குச் சாதகமாகவும் போய்விடக்கூடும். இது இம்முறையின் குறை. குறையையும் சொன்னால்தானே விலை சொல்ல முடியும்.

அதன் பிறகு நடந்ததையும் கேளுங்கள். 2015 டிசம்பர் இறுதியில், ஓட்டில் வென்று வந்த ஹெயில்மனை மற்ற அறங்காவலர்கள் தங்களுக்குள் ஓட்டெடுத்து நீக்கிவிட்டார்கள். உறுப்பினர்களிடையே பெரிய கொந்தளிப்பு ஏற்பட்டது. 2016இல், நான்காம் இடத்தில் இருந்த மரியா நியமிக்கப்பட்டார். 2017இல் மறுபடி தேர்தல் வந்தது. நீக்கப்பட்ட ஹெயில்மன், 2015இல் தோற்ற மரியா, பேராசிரியர் யெமியெல்னியாக் ஆகிய மூவரையுமே உறுப்பினர்கள் தேர்ந்தெடுத்தார்கள். நம் சங்கங்களில் ஒரு நிர்வாகியை நீக்கினால் அவர் ஆட்களைப் பிரித்துக்கொண்டு போய், எதிர்த் தெருவில் இன்னொரு போர்டு மாட்டுவார். ஹெயில்மன் தேர்தல் வரும்வரை காத்திருந்து, ஓட்டு வழியாகவே திரும்பி வந்தார். ஓட்டின் மேல் நம்பிக்கை இருந்தால்தான் அந்தப் பொறுமை வரும்.

ஓலை கொடுத்தால் ஆள் வரும்

இனி, ஓட்டுப் போட வருகிறவர்களின் எண்ணிக்கைக்கு வருவோம். நமக்கு மிகவும் தேவையான பாடம் இதில்தான் இருக்கிறது.

நடுவர் குழுத் தேர்தலில் 2008 வரை யார் யாருக்குப் போட்டார் என்பது எல்லோருக்கும் தெரியும்படிதான் ஓட்டெடுப்பு நடந்தது. 2009இலிருந்து ரகசிய ஓட்டு. அந்த ஆண்டு ஏறத்தாழ ஆயிரம் பேர் ஓட்டுப் போட்டார்கள். பிறகு ஏறியும் இறங்கியும் வந்து, 2014இல் 600க்கும் சற்றுக் கீழே போய்விட்டது. உலகம் முழுவதும் ஆள் இருக்கிற இடத்தில் 600 பேர்! அங்கேயும் நம் பொதுக்குழு மாதிரிதான் இருந்திருக்கிறது.

2015இல் அவர்கள் ஒரே ஒரு காரியம் செய்தார்கள். ஓட்டுரிமை உள்ளவர்களின் பட்டியலை எடுத்து, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அவரவர் பக்கத்தில், "தேர்தல் நடக்கிறது, உங்களுக்கு ஓட்டு உண்டு, வந்து போடுங்கள்" என்று ஓர் அறிவிப்பு வைத்தார்கள். அதற்கு முன்பெல்லாம் பொது இடத்தில் அறிவிப்புப் போடுவதோடு சரி. அந்த ஆண்டு ஓட்டுப் போட்டவர்கள் 2,600க்கு மேல். ஒரே வருடத்தில் நான்கு மடங்குக்கும் அதிகம். அதற்குப் பிந்தைய ஆண்டுகளில் எண்ணிக்கை கூடவோ குறையவோ செய்தாலும், ஆயிரத்துக்குக் கீழே இறங்கவில்லை.

இதை நாம் பேரனிடம் இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டோம். விதி பெரிதாக மாறவில்லை, பரிசு எதுவும் கொடுக்கவில்லை. வீட்டு வாசலுக்குப் போய்ச் சொன்னார்கள், அவ்வளவுதான். "உறுப்பினர்களுக்கு அக்கறையே கிடையாது" என்று நாம் மேடையில் எத்தனை முறை பேசியிருக்கிறோம்! அக்கறை இல்லாததால் வராதவர் எத்தனை பேர், யாரும் கூப்பிடாததால் வராதவர் எத்தனை பேர் என்று என்றைக்காவது பிரித்துப் பார்த்தோமா? பாக்கி வசூலுக்கு மட்டும் வாரம் தவறாமல் ஆள் அனுப்புகிறோம்.

கூட்டம் சேர்ந்ததால் எல்லாம் நல்லதாகிவிட்டது என்றும் சொல்ல மாட்டோம். என்றைக்கோ எழுதியதோடு விட்டவர்களும் பட்டியலில் இருப்பார்கள் அல்லவா? அவர்கள் விஷயம் தெரியாமல் போடுவார்கள் என்ற பேச்சு எழத்தான் செய்யும். இப்போது ஓட்டுரிமைக்கு ஒரு தகுதி வைத்திருக்கிறார்கள். கட்டுரைகளில் குறைந்தது 150 திருத்தங்களாவது செய்திருக்க வேண்டும். அத்துடன் கடந்த ஓராண்டுக்குள் 10 திருத்தங்களாவது செய்திருக்க வேண்டும். நம் மொழியில் சொன்னால், பெயர்ப்பலகை மட்டும் தொங்கினால் போதாது, கடை திறந்து வியாபாரம் நடக்கிறதா என்று பார்க்கிறார்கள்.

பெட்டியைத் திறப்பவர் யார்?

ஓட்டெடுப்பு இரண்டு வாரம் நடக்கிறது. அதற்கு முன் வேட்பாளர் ஒவ்வொருவரும் தம்மைப் பற்றி ஓர் அறிக்கை தர வேண்டும். உறுப்பினர்கள் கேட்கும் கேள்விகளுக்கு எல்லோரும் பார்க்கும்படி எழுத்தில் பதில் சொல்ல வேண்டும். அனுபவம் உள்ள சிலர், இன்னாரை ஏன் ஆதரிக்கிறோம், இன்னாரை ஏன் எதிர்க்கிறோம் என்று தம் பெயரிலேயே எழுதி வைக்கிறார்கள். சரக்கின் தரம் தெரிந்தவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டு வாங்குவதைப் போல, புதியவர்கள் அதைப் படித்துவிட்டுத் தாங்களே முடிவு செய்கிறார்கள். நம் பேரன் அந்த இரவு தூங்காமல் இருந்தது இந்தக் கேள்வி பதில்களைப் படிப்பதற்காகத்தான்.

ஓட்டு முடிந்ததும் எண்ணிக்கையைச் சரிபார்ப்பவர்கள், ஆங்கில விக்கிப்பீடியாவைத் தம் சொந்த இடமாகக் கொண்டவர்களாக இருக்கக் கூடாது. வேறு மொழி விக்கிப்பீடியாக்களைச் சேர்ந்த, பொறுப்பில் உள்ள சிலர் வந்து, ஒருவரே இரண்டு பெயரில் போட்டாரா, தகுதி இல்லாதவர் போட்டாரா என்று பார்த்து, கள்ள ஓட்டைத் தள்ளிவிட்டு முடிவை அறிவிக்கிறார்கள். உள்ளூர்த் தராசை வெளியூர்க்காரர் வந்து முத்திரையிடுவது போன்ற ஏற்பாடு. நம் சங்கங்களில் வேட்பாளரின் சம்பந்தியே தேர்தல் அதிகாரியாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்த கண்களுக்கு இது புதுமைதான்.

இவ்வளவு செய்தும், அவர்கள் எட்டாத இடம் உண்டு. 2021இல் அறங்காவலர் குழுவின் நான்கு இடங்களுக்கு 19 பேர் நின்றார்கள். ஓட்டுப் போட்டவர்கள் ஏறத்தாழ 6,800 பேர். கேட்கப் பெரிதாக இருக்கிறது. ஆனால் ஓட்டுரிமை உள்ளவர்களில் அது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். அந்தத் தேர்தலில் ஆதரவு, எதிர்ப்பு முறையை விட்டுவிட்டு, பிடித்தவர்களை 1, 2, 3 என்று வரிசைப்படுத்தும் முறைக்கு மாறினார்கள். முதலில் எழுதியவர் வெல்ல வழியில்லை என்றால் அந்த ஓட்டு வீணாகாமல் அடுத்தவருக்குப் போகும். ஒரு பழக்கத்தில் குறை தெரிந்தால் மாற்றிப் பார்க்கிறார்கள். பத்தில் ஒன்பது பேர் வரவில்லை என்பதையும் மறைக்காமல் வெளியிடுகிறார்கள். நம் சங்க ஆண்டறிக்கையில் வரவு செலவு இருக்கும், திருமண வாழ்த்து இருக்கும். இத்தனை உறுப்பினர்களில் இத்தனை பேர் ஓட்டுப் போட்டார்கள் என்ற ஒரு வரி இருக்கிறதா என்று எடுத்துப் பாருங்கள்.

அந்தப் பொங்கல்

இனி, சொல்வதாகச் சொன்ன கதை.

சில ஆண்டுகளுக்கு முன் மூட்டை இறக்குகூலியை உயர்த்தித் தர வேண்டும் என்று சுமைத் தொழிலாளர்கள் கேட்டார்கள். கேட்டது நியாயம்தான். நாம் இருந்த நிர்வாகக் குழு அவர்களோடு உட்கார்ந்து பேசி, மூட்டைக்கு இவ்வளவு என்று ஒப்பந்தம் போட்டது. கையெழுத்துப் போட்டவர்களில் நாமும் ஒருவர். கூலியில் குற்றமில்லை, பேச்சிலும் குற்றமில்லை. ஆனால் நம்மைத் தேர்ந்தெடுத்த கூட்டத்துக்கு முந்நூறு உறுப்பினர்களில் வந்தவர்கள் நாற்பது சொச்சம் பேர். அவர்களும் கைதட்டினார்களே தவிர ஓட்டுப் போடவில்லை.

ஒப்பந்தம் வெளிவந்த மறுநாளே, "எங்களைக் கேட்டா கையெழுத்துப் போட்டீங்க?" என்று பாதிக் கடைக்காரர்கள் திரும்பிக்கொண்டார்கள். புதிய கூலியைக் கொடுக்க மறுத்தார்கள். தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். மறுபடி பேசப் போனோம். அவர்களுடைய மேஸ்திரி நம்மைப் பார்த்து, "அண்ணாச்சி, உங்க மேல எங்களுக்கு மரியாதை உண்டு. ஆனா நீங்க போட்ட கையெழுத்தை உங்க ஆளுகளே மதிக்கலையே. நாங்க யாருகூடப் பேசுறது?" என்று கேட்டார். நமக்குப் பதில் இல்லை.

பொங்கலுக்கு முந்தைய வாரம் அது. லாரிகள் சரக்கோடு தெருவில் நின்றன. நமக்கு வந்த மண்டை வெல்லம் ஒரு லாரி. தார்ப்பாய் போட்டிருந்தும் எதிர்பாராத மழையில் கசிந்து சிப்பம் எல்லாம் பிசுபிசுத்துப் போயிற்று. நமக்கு வந்த நஷ்டத்தை நாம் தாங்கிக்கொண்டோம். ஆனால் பக்கத்துக் கிராமத்தில் சிறிய பலசரக்குக் கடை வைத்திருக்கும் ஒருவர், வட்டிக்கு வாங்கி முன்பணம் கட்டியிருந்தவர், பொங்கல் கழித்து வந்து நின்றார். "இனிமே இந்த வெல்லத்தை யாரு அண்ணாச்சி வாங்குவா?" என்று அவர் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. அவர் சத்தம் போட்டிருந்தால்கூட நமக்கு ஆறுதலாக இருந்திருக்கும். பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். அந்த வருடப் பொங்கல் வியாபாரத்தை யார் திருப்பிக் கொடுப்பது?

அன்று ஓட்டெடுப்பு நடந்திருந்தால் நாம் தோற்றிருக்கலாம். அல்லது எதிர்ப்பு எவ்வளவு இருக்கிறது என்று முன்கூட்டியே தெரிந்து, கையெழுத்துப் போடுவதற்கு முன் தெருத்தெருவாகப் போய்ப் பேசியிருப்போம். இரண்டில் எது நடந்திருந்தாலும் அந்த லாரி நின்றிருக்காது. போட்டியின்றித் தேர்வு என்பது, எதிர்ப்பே இல்லை என்பதாகாது. எதிர்ப்பை எண்ணவில்லை என்பதுதான். எண்ணாமல் விட்ட பாக்கி பேரேட்டில் இல்லையே தவிர, ஊரில் இருக்கத்தான் செய்கிறது. ஒரு நாள் வட்டியோடு வரும்.

நாம் என்ன செய்யலாம்?

கம்ப்யூட்டரில் ஓட்டுப் போடுங்கள் என்று நாம் யாருக்கும் சொல்ல வரவில்லை. காகிதமும் பேனாவும் போதும். நம் அனுபவத்தில் தோன்றுவதை உங்கள் பரிசீலனைக்கு வைக்கிறோம்.

முதலாவது, அழைப்பிதழைத் தபாலில் போட்டுவிட்டு இருந்துவிடாமல், தேர்தலுக்கு ஒரு வாரம் முன்பு தெருவுக்கு ஒருவர் வீதம் பொறுப்பெடுத்து, கடை கடையாக நேரில் போய்ச் சொல்ல வேண்டும். மகமை வசூலிக்கப் போகிற கால், ஓட்டுக்கு அழைக்கவும் போகட்டும்.

இரண்டாவது, ஓட்டெடுப்பை ஒரு மணி நேரத்தில் முடிக்காமல், சங்கக் கட்டடத்தில் பெட்டியை இரண்டு மூன்று நாள் வைக்கலாம். ஒற்றையாளாகக் கடை நடத்துகிறவர் காலை பத்து மணிக்குக் கடையைப் போட்டுவிட்டு எப்படி வருவார்?

மூன்றாவது, ஓர் இடத்துக்கு ஒருவரே நின்றாலும் சீட்டில் ஆதரவு, எதிர்ப்பு, கருத்து இல்லை என்று மூன்று கட்டம் போட்டு ஓட்டெடுக்கலாம். பாதி ஆதரவுகூட இல்லாதவர் தாமே ஒதுங்கிக்கொள்வது அவருக்கும் நல்லது, சங்கத்துக்கும் நல்லது.

நான்காவது, எண்ணிக்கையை அடுத்த ஊர்ச் சங்கத்தாரை வரவழைத்து அவர்கள் கையில் கொடுக்கலாம். நாமும் அவர்கள் ஊருக்குப் போய் அந்த உதவியைச் செய்யலாம்.

ஐந்தாவது, மொத்த உறுப்பினர் எத்தனை, ஓட்டுப் போட்டவர் எத்தனை, ஒவ்வொருவருக்கும் ஆதரவு எத்தனை, எதிர்ப்பு எத்தனை என்பதை ஆண்டறிக்கையில் அச்சிட வேண்டும். எண்ணிக்கை குறைவாக இருந்தால் வெட்கமாக இருக்கும். அந்த வெட்கம்தான் அடுத்த வருடம் நம்மைத் தெருவில் இறக்கும்.

பதிவு பெற்ற சங்கங்கள் 1975ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் நடப்பவை. துணைவிதியை மாற்ற வேண்டிய இடத்தில் முறைப்படி சிறப்புத் தீர்மானம் கொண்டுவந்துதான் மாற்ற வேண்டும். ஆனால் கடை கடையாகப் போய் அழைப்பதற்கும், எண்ணிக்கையை அச்சிடுவதற்கும் எந்தத் துணைவிதியும் தடையாக நிற்பதில்லை. அதை இந்த ஆண்டே தொடங்கலாம்.

நம் சங்கத்துக்கு அடுத்த தேர்தல் வரப்போகிறது. பொருளாளர் பதவிக்கு நில்லுங்கள், போட்டி இல்லாமல் பார்த்துக்கொள்கிறோம் என்று நண்பர்கள் வந்து கேட்டார்கள். நிற்கிறோம், ஆனால் மூன்று கட்டச் சீட்டுப் போட்டால்தான் நிற்போம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறோம். "அண்ணாச்சி, இந்த வயசில தோத்துப் போனா மரியாதையா இருக்குமா?" என்று ஒருவர் கேட்டார். அந்த வெல்லக் கடைக்காரருக்கும் அன்று ஒரு சீட்டுக் கொடுத்திருந்தால் அவர் எந்தக் கட்டத்தில் குத்தியிருப்பார் என்று தெரிந்துகொள்வது, தோற்காமல் இருப்பதைவிட நமக்கு முக்கியமாகப் படுகிறது.

வணிக அன்பர்களே! உங்கள் ஊர்ச் சங்கத் தேர்தல் தேதியை இன்றே நாட்காட்டியில் குறித்து வையுங்கள். அன்று ஒரு மணி நேரம் கல்லாவைப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டுப் போய் ஓட்டுப் போடுங்கள். ஆதரவானாலும் சரி, எதிர்ப்பானாலும் சரி, அது கணக்கில் ஏற வேண்டும்.